வீட்டு வேலைக்கு 10 மீட்டர் மட்டக்குழாய்

பென்னாகரத்தில் அப்பா கட்டிய வீட்டுக்குப் புதுத் தரை போடுகிறோம். வாங்கிய சாமான்களில் மிகவும் கைகொடுத்தது, தருமபுரி ஹார்டுவேர் கடையில் எடுத்த மட்டக்குழாய்தான்; தண்ணீர் நிரப்பி, இரண்டு இடங்கள் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்று பார்க்கும் ஒளி ஊடுருவும் குழாய் அது. கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே சுவர் இருந்தாலும், இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். குமிழியை வைத்து மட்டம் பார்க்கும் ரசமட்டக் கட்டை அவ்வளவு தூரம் எட்டாது.

"கண்ணளவே போதும் சார்" என்றார் மேஸ்திரி. குழாயைப் பிடித்துப் பார்த்தால் வாசல் பக்கம் முக்கால் அங்குலம் இறக்கம்! டைல்ஸ் ஒட்டும் முன்பே தெரிந்ததில் எத்தனை நிம்மதி.

உள்ளே காற்றுக்குமிழி தங்கினால் அளவு தவறிவிடும். விரலால் சுண்டிச் சுண்டி வெளியேற்றுங்கள். மெல்லிய குழாய் மடங்கிக்கொள்ளும், கனமானதையே கேட்டு வாங்குங்கள். தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் கலந்தேன், மட்டம் பளிச்சென்று தெரிகிறது.