ஒன்பது வருட ஸ்பைரோமீட்டர் அனுபவம்: பச்சை டிக் மட்டும் போதாது

தொழிற்சாலை ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை எடுப்பது என் வேலை. ஊதும் மூச்சை அளக்கும் கையடக்க ஸ்பைரோமீட்டர் ஒன்றை 9 வருடமாகப் பயன்படுத்துகிறேன். கருவி நன்றாகவே உழைக்கிறது. ஆனால் ஊதல் சரியாக வந்தது என்று அது காட்டும் பச்சை டிக்கை நம்பி நான் ஒருமுறை தப்பு செய்தேன்.

ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கும் அண்ணன் ஒருவருக்கு எஃப்இவி1, அதாவது முதல் ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு, ஒரே வருடத்தில் 420 மில்லி குறைந்திருந்தது. வயது ஏறுவதால் குறைவது வருடத்துக்குச் சுமார் 30 மில்லிதான். அவர் அடிக்கும் பெயின்ட்டில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உண்டு. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். "வேலை போயிடுமா?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மறுநாள் திரும்ப எடுத்தேன். உட்கார வைத்து, பெல்ட்டைத் தளர்த்தச் சொல்லி, மூக்கில் கிளிப் போட்டு, நானே ஒருமுறை ஊதிக் காட்டினேன். இந்த முறை திரையைப் பார்க்காமல் அவரையே பார்த்தேன். நெஞ்சு பாதிதான் விரிந்திருந்தது, அதற்குள் ஊதத் தயாராகிவிட்டார். "இன்னும் இழுங்கண்ணே, இன்னும், இன்னும்... இப்போ ஊதுங்க!" நான்காவது ஊதலில் 380 மில்லி திரும்பி வந்தது.

முந்தைய நாள் அவர் பாதி மூச்சில்தான் ஊதியிருக்கிறார். சிறந்த இரண்டு அளவுகளுக்கு இடையே 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பது விதி. ஆனால் இரண்டு அரைகுறை மூச்சும் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகும், கருவியும் டிக் போட்டுவிடும். அதனால் இப்போது ஊதி முடித்ததும் அதே வேகத்தில் மூச்சை உள்ளே இழுக்கவும் சொல்கிறேன். ஊதியதைவிட இழுத்தது கணிசமாக அதிகம் என்றால், ஆரம்பத்தில் நெஞ்சு நிறையவில்லை என்று அர்த்தம். 2019-இல் வந்த அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவச் சங்கங்களின் வழிமுறையும் இதைத்தான் கேட்கிறது.

தினமும் காலையில் 3 லிட்டர் சிரிஞ்சால் கருவிக்குள் காற்றை மெதுவாக, நடுத்தரமாக, வேகமாகத் தள்ளிச் சரிபார்ப்பதை விடுவதில்லை. கருவி காட்டும் அளவு 2.91-க்கும் 3.09 லிட்டருக்கும் நடுவில் வர வேண்டும். ஸ்பைரோமீட்டர் இருக்கும் அறையிலேயே சிரிஞ்சும் இருக்கட்டும்; ஏசி அறையிலிருந்து எடுத்து வந்தால் வெப்பநிலை மாறி அளவு தப்பும்.

ஒரு மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு ஒருவரிடம் எதிர்பார்க்கும் அளவைக் கணக்கிடும் சூத்திரம் மாறி, அதோடு ஒப்பிட்டுக் கருவி காட்டும் சதவீதம் எல்லோருக்கும் நகர்ந்துவிட்டது. லிட்டர் அளவு அப்படியே இருந்தது. வருடத்துக்கு வருடம் ஒப்பிட லிட்டரைத்தான் எடுங்கள்; ஊதல் வளைகோடுகளையும் சேமித்து வையுங்கள்.

அப்புறம், ஒரே காலையில் 60 பேரை ஊத வைக்கச் சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. தேவைப்பட்டால் ஒருவர் 8 முறை வரை ஊதலாம். அவ்வளவு ஊதினால் தலை சுற்றும், நடுநடுவே இளைப்பாற வேண்டும். ஒருவருக்கு 15 நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அந்தப் பெயின்டர் அண்ணன் இன்னும் வருடா வருடம் வருகிறார். நான் சொல்வதற்கு முன்பே பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு உட்காருகிறார்.