கண்ணாடியில் ஏறிய உப்புக்கறைக்கு சீரியம் ஆக்சைடு பவுடர்

வண்டிக் கண்ணாடியில் உப்புக்கறை கெட்டியாகப் பிடித்துவிட்டதா? சீரியம் ஆக்சைடு பவுடரைத் தாராளமாக வாங்கலாம், காசு வீண் போகாது. ஆனால் கை கடுக்கத் தேய்க்க வேண்டியிருக்கும்.

நான் குன்னூரில் டாக்சி ஓட்டுகிறேன். எங்கள் மலைத் தண்ணீரில் உப்பு குறைவு, கண்ணாடி தானாகக் காய்ந்தாலும் பெரிதாக ஒன்றும் படியாது. இப்போது ஓட்டும் வண்டியோ கீழே சமவெளியிலிருந்து செகண்ட் ஹேண்டில் எடுத்தது. போர் தண்ணீரில் கழுவிக் கழுவி, துடைக்காமல் வெயிலில் நிறுத்தியே பழக்கியிருக்கிறார்கள். தண்ணீர் ஆவியாகிவிடும், அதிலிருந்த கால்சியமும் மெக்னீசியமும் கண்ணாடியிலேயே தங்கிவிடும்.

பகலில் எப்படியோ சமாளிக்கலாம். ராத்திரி பர்லியார் தாண்டி மேலே ஏறும்போதுதான் கஷ்டம். எதிரே வரும் பஸ்ஸின் லைட் ஒவ்வொரு புள்ளியிலும் பட்டுச் சிதறும். அதோடு மூடுபனியும் சேர்ந்தால் ரோட்டின் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. குடும்பம் குடும்பமாக ஆட்களை நம்பி ஏற்றிக்கொண்டு அப்படி ஓட்ட எனக்கு மனசு வரவில்லை.

முதலில் வெள்ளை வினிகரைத்தான் பார்த்தேன். துணியை அதில் நனைத்துக் கண்ணாடிமேல் கொஞ்ச நேரம் ஒட்டி வைத்துத் தேய்த்தால், சுண்ணாம்புக் கறை கரைந்து வந்துவிடும். பக்கக் கண்ணாடிகள் அதிலேயே தெளிந்துவிட்டன. முன் கண்ணாடி மசியவில்லை. ஈரமாக இருக்கும்போது கறையே இல்லாத மாதிரி இருக்கும், காய்ந்ததும் அதே இடத்தில் வட்டம். மணல்சத்து படிந்திருந்தாலோ கண்ணாடியே லேசாக அரித்திருந்தாலோ வினிகருக்கு அங்கே வேலையில்லை.

அதற்குத்தான் இந்தப் பவுடர். கண்ணாடி, லென்ஸ் பாலிஷ் போடுகிறவர்கள் பயன்படுத்துவது. தண்ணீர் விட்டுத் தோசை மாவுப் பதத்தில் குழைத்து, கெட்டி ஃபெல்ட் துணியில் தொட்டு, உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் அழுத்தித் தேய்க்க வேண்டும். வட்டத்தின் நடுப்பகுதி சீக்கிரம் போய்விடுகிறது. துளி காயும்போது உப்பு விளிம்பில்தான் அதிகம் சேரும், அதனால் ஓரம் கடைசிவரை அடம்பிடிக்கிறது. அவ்வப்போது துடைத்து, காயவிட்டு, சாய்வாகப் பார்த்துத் தொடர வேண்டும். வேலை முடிந்தபின் விரலை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் நெருடவில்லை.

சில விஷயங்களைக் கவனியுங்கள். தேய்க்கும்போது கலவை காயவே கூடாது, தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். டிரில்லில் மாட்டினால் வேகத்தைக் குறையுங்கள், ஒரே இடத்தில் சூடேறினால் கண்ணாடி விரிசல் விடும். ரப்பர் பீடிங்கில் பட்டால் வெள்ளையாக அப்பிக்கொள்ளும், முதலிலேயே டேப் ஒட்டிவிடுங்கள். பொடியாகக் கொட்டும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். உள்பக்கம் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நகம் மாட்டும் அளவுக்கு வைப்பர் கீறல் இருந்தால் அது இதில் போகாது.

உடனடியாகக் கறை போக்கும் என்று விற்கும் ஆசிட் வகைத் திரவங்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஃபுளோரைடு அமிலம் சேர்ந்தவை கண்ணாடியையே அரித்துவிடும், தோலில் பட்டாலும் ஆபத்து.

ஒரே குறை, நான் வாங்கிய பாக்கெட்டில் எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு வரிகூட இல்லை. மற்றபடி 5க்கு 4 தாராளமாகக் கொடுப்பேன். சின்ன பாக்கெட்டே போதும், ஒரு முன் கண்ணாடிக்குப் போக மிச்சம் இருக்கிறது. அப்புறம், கீழே எங்காவது வாட்டர் வாஷுக்கு விட்டால், கண்ணாடியை உடனே காய்ந்த துணியால் துடைக்கச் சொல்லி நின்று வாங்குங்கள்.