லாரி முதுகெலும்பும் நானும்: ஐந்து வருடக் கணக்கு

என் எஸ்யூவியைப் பார்த்ததும் "மேடு, பள்ளம் எல்லாம் ஏறுமா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஏறும். ஆனால் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரே வெட்டில் திரும்பாது. மூன்று முறை முன்னும் பின்னும் எடுத்தால்தான் என் இடத்தில் நிற்கும். தூண் ஒன்றில் என் வண்டியின் பெயின்ட் கொஞ்சம் இருக்கிறது, வண்டியில் தூணின் பெயின்ட் கொஞ்சம் இருக்கிறது. நாங்கள் சமாதானமாகிவிட்டோம்.

நில அளவை என் தொழில். சாலை போடுவதற்கு முன்னால் அந்த இடத்துக்குப் போக வேண்டியவன். அதனால்தான் ஐந்து வருடம் முன்பு, 62,000 கி.மீ. ஓடிய ஒரு பழைய லேடர் ஃபிரேம் எஸ்யூவியை வாங்கினேன். இப்போது 1,48,000 காட்டுகிறது. எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லப் போவதில்லை. திட்ட வேண்டிய இடங்கள் சில வரும். இந்த ரகத்தில் எதை எடுத்தாலும் நான் சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

லேடர் ஃபிரேம் என்றால் ஒன்றுமில்லை, ஏணி. நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டங்கள், குறுக்கே சில சட்டங்கள். எஞ்சின், கியர் பாக்ஸ், சக்கரங்களின் அச்சான ஆக்சில் எல்லாம் அந்த ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நாம் உட்காரும் கூடு தனியாகச் செய்யப்பட்டு, நடுவில் ரப்பர் வைத்து மேலே போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். லாரி அப்படித்தான் செய்யப்படுகிறது. 1984இல் வந்த முதல் டொயோட்டா ஃபோர் ரன்னரே ஹைலக்ஸ் பிக்கப்பின் பின்பக்கத்துக்குக் கூரை போட்டு, சீட் வைத்த வண்டிதான். ஒரு காலத்தில் எஸ்யூவி என்றாலே பெரும்பாலும் இதுதான். பிறகு ஒவ்வொன்றாக நழுவின. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் 2011 மாடலில் காரைப் போல ஒரே கூடாகச் செய்யும் மோனோகாக் முறைக்கு மாறியது. லேண்ட் ரோவர் டிஃபெண்டரே 2020இல் அந்தப் பக்கம் போய்விட்டது. லேண்ட் குரூசர், ஜிம்னி, ராங்ளர் மாதிரி சில பிடிவாதக்காரர்கள் மட்டும் இன்னும் ஏணியை விடவில்லை.

ஓட்டும்போது இந்த வித்தியாசம் முதுகுக்குத் தெரியும். ஒரு பள்ளத்தில் இறங்கினால் முதலில் கீழே இருப்பது குலுங்கும். கண் இமைக்கும் நேரம் கழித்து மேலே இருப்பது குலுங்கும். புதிதாக ஏறுகிறவர்கள் அந்த இரண்டாவது குலுக்கலில்தான் கைப்பிடியைத் தேடுவார்கள். என் வண்டியில் பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்புக் கட்டை இணைக்கிறது. இடது சக்கரம் கல்லில் ஏறினால் வலது சக்கரத்துக்கும் செய்தி போய்விடும். அந்தக் கட்டையே கனம். அது மேலும் கீழும் குதிக்கும்போது அதை அடக்குவது ஷாக் அப்சார்பருக்குப் பெரிய வேலை. ஸ்பிரிங்கும் பாரம் தாங்கச் செய்தது என்பதால், வண்டி காலியாக இருந்தால் விறைத்துக்கொண்டு நிற்கும். வரிவரியாகப் போன மண் சாலையில் நான் தனியாகப் போனால் பின்பக்கம் பக்கவாட்டில் நடனமாடும். அதே சாலையில் கருவிப் பெட்டிகள், முக்காலிகள், எல்லைக் கற்கள், மூன்று ஆட்கள் என்று ஏற்றினால் அடங்கி ஒடுங்கிப் போகும். சுமை ஏறினால் சொகுசாகும் வண்டியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு இதெல்லாம் தேவையில்லாத விளக்கம். அவருக்கு முழங்கால் வலி. பக்கவாட்டில் படி இருந்தும் அந்த உயரம் அவருக்கு எட்டாது. ஒரு சின்ன மர முக்காலியைப் பின் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதைக் கீழே போட்டு, அவர் ஒரு கையால் என் தோளையும் மறு கையால் கைப்பிடியையும் பிடித்து ஏறி உட்கார்ந்ததும், "இது வண்டியாடா, பரணாடா?" என்பார். இறங்கும்போதும் அதே கேள்வி. உட்கார்ந்த பிறகு மட்டும் புகார் இல்லை. ஜன்னலிலிருந்து எல்லோருடைய மதில் சுவருக்கு உள்ளேயும் பார்க்கலாமே.

சரி, எதற்காக வாங்கினேனோ அதற்கு வருகிறேன்.

இதில் நான்கு சக்கர இயக்கம் எப்போதும் ஓடுவதில்லை. வேண்டும்போது நாமே போட வேண்டும். டூ ஹை (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும்), ஃபோர் ஹை (நான்கும் இழுக்கும்), ஃபோர் லோ (நான்கும், தாழ்ந்த கியரில்) என்று மாற்ற ஒரு தனிக் கம்பி. ஃபோர் ஹையில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்ற வேண்டும். சேறு என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்தக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச் சாலையில் வழுக்க வழி இல்லை. முறுக்கு உள்ளேயே சேர்ந்துகொண்டு போகும். இதைப் புத்தகத்தில் படித்துவிட்டுத்தான் ஓட்டினேன். இருந்தும் முதல் மழைக்காலத்தில் சேறு தாண்டிய சந்தோஷத்தில் கம்பியைப் பழையபடி போட மறந்து, வளைவான தார்ச் சாலையில் பதினொரு கி.மீ. ஓட்டிவிட்டேன். ஸ்டீயரிங் கனத்தது, வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் வந்தது. கம்பியை இழுத்தால் அசையவில்லை. உடைந்தேவிட்டது என்று வியர்த்துப்போய், எங்கள் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். "நேரா ரிவர்ஸ்ல ஒரு பத்தடி போங்க சார், அதுவா விட்டுடும்" என்றார். போனேன். டக்கென்று விட்டது. முறுக்கிய கயிறு பிரிவதுபோலத்தான்.

ஃபோர் லோ வேறு விஷயம். அதை வேகத்துக்காக யாரும் போடுவதில்லை. என் வண்டியில் எல்லா கியரும் சுமார் இரண்டரை மடங்கு தாழ்ந்துவிடும். ஏறுவதற்கு அது உதவும் என்று எல்லோருக்கும் தெரியும். இறங்கும்போது அதன் அருமையை நான்தான் தாமதமாகக் கண்டுகொண்டேன். சரளைக் கல் சரிவில் முதல் கியரில் ஃபோர் லோ போட்டு, பிரேக், கிளட்ச் இரண்டிலிருந்தும் காலை எடுத்துவிட்டால், எஞ்சினே பிடித்துக்கொண்டு மனிதன் நடக்கும் வேகத்தில் வண்டியை இறக்கும். முதல் தடவை காலை எடுக்க மனம் வராது. பிரேக்கை அழுத்தினால்தான் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும் என்று மண்டைக்குத் தெரிந்தாலும் கால் கேட்காது.

இன்னொரு தவறான நம்பிக்கையும் போயிற்று. நான்கு சக்கரமும் இழுக்கும் என்றால் எங்கும் மாட்டாது என்று நினைத்திருந்தேன். ஒரு வாய்க்காலைக் குறுக்கே கடக்கும்போது முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் அந்தரத்தில் நின்றுவிட்டன. ஆக்சிலேட்டரை அழுத்தினால் காற்றில் இருக்கும் அந்த இரண்டு மட்டும் சுற்றுகின்றன. தரையில் இருக்கும் இரண்டும் வேடிக்கை பார்க்கின்றன. ஆக்சிலின் நடுவில் இருந்துகொண்டு இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல். அதைப் பூட்டும் லாக் இல்லாத வண்டியின் குணம் அது. எளிதாகச் சுழலும் பக்கத்துக்குச் சுழற்சி ஓடிவிடும். கல்லை அடுக்கி, ஜாக்கி போட்டு, ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தோம். சேற்றில் ஜாக்கி புதையாமல் இருக்க அடியில் எதையாவது வைக்க வேண்டும். அம்மாவின் முக்காலிதான் கிடைத்தது. திரும்பி வரும்போது அதற்குக் கால் இரண்டுதான் இருந்தது.

இந்த ஐந்து வருடத்தில் நான் கற்ற பெரிய பாடம் தண்ணீரில்தான்.

ஓடை ஒன்று, முழங்கால் அளவு தண்ணீர். வெயிலில் நாற்பது கி.மீ. ஓட்டி வந்து நேராக இறங்கினேன். மெதுவாக, நிற்காமல் கடந்தேன். எஞ்சினுக்குத் தண்ணீர் போகவில்லை, உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. மார்தட்டிக்கொண்டேன். மூன்று மாதம் கழித்துப் பின்பக்கத்திலிருந்து வேகத்துக்கு ஏற்ப ஒரு ஊளைச் சத்தம் வர ஆரம்பித்தது. டயர் என்று நினைத்து விட்டுவிட்டேன். முறையாக சர்வீஸ் விடும் இடத்தில் சொன்னேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வண்டி அப்படித்தான் சார்" என்றார்கள். பிறகு எங்கள் மெக்கானிக் பின் டிஃபரன்ஷியல் எண்ணெயை இறக்கினார். கறுப்பாக வர வேண்டியது வெளுத்து, நுரைத்த சோப்புத் தண்ணீர்போல் வந்தது. அவர் கேட்ட ஒரே கேள்வி, "தண்ணிக்குள்ள இறங்குனீங்களா?"

ஓட்டத்தில் டிஃபரன்ஷியல் இருக்கும் அந்த இரும்புக் குடுவை சூடாகி உள்ளே இருக்கும் காற்று விரிந்திருக்கும். சட்டென்று தண்ணீரில் முங்கினால் காற்று சுருங்கி உறிஞ்ச ஆரம்பிக்கும். அது மூச்சு விடுவதற்கென்று மேலே ஒரு சின்னக் குழாய் உண்டு. என் வண்டியில் அது சேற்றால் அடைத்திருந்தது. அதனால் ஆயில் சீல் வழியே தண்ணீரை இழுத்துக்கொண்டது. பேரிங் இரண்டு போய்விட்டன. இப்போது அந்த மூச்சுக் குழாயோடு ஒரு ரப்பர் குழாயை இணைத்து உயரே கொண்டுபோய்க் கட்டியிருக்கிறது. தண்ணீரைக் கண்டால் இறங்கிக் குச்சியால் ஆழம் பார்க்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் ஆக்சிலும் கொஞ்சம் ஆறிவிடும். தண்ணீரைத் தாண்டினால் அந்த வாரத்துக்குள்ளேயே எண்ணெயைத் திறந்து பார்த்துவிடுகிறேன். இதற்காகும் செலவு ஒரு வாஷர்.

முரட்டு வண்டி என்றால் கவனிக்க வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. காரில் இல்லாத உறுப்புகள் இதில் இருக்கின்றன: முன்னும் பின்னும் இரண்டு டிஃபரன்ஷியல், நடுவில் சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதிலிருந்து ஆக்சில்களுக்குப் போகும் இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட், அவற்றின் மூட்டுகள். ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் அல்லது கிரீஸ். முரட்டுத்தனம் என்னவென்றால், கவனிக்காவிட்டாலும் உடனே நின்றுவிடாது. முனகிக்கொண்டே வேலை செய்யும். அந்த முனகலைக் கேட்கத் தெரிய வேண்டும். துரு மட்டும் முனகாது. ஏணிச் சட்டம் உள்ளே வெறும் பொந்து. சேறு துளை வழியே புகுந்து உள்ளேயே தங்கி ஈரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். மேலே பளபளவென்று கழுவி வைத்து அடியில் அரித்துப்போன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். இந்த ரக வண்டியைப் பழையதாக வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் தரையில் மல்லாந்து படுத்து, சின்னச் சுத்தியலால் சட்டத்தைத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் எழுந்து பேரம் பேசலாம். பொத்தென்றால் கையைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

டீசல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எண்பதில் பிடித்தால் லிட்டருக்கு 11 வரை தரும், நூற்றுப் பத்தில் ஓட்டினால் 8. சதுரமான மூஞ்சியை வைத்துக்கொண்டு காற்றோடு மோதினால் வேறென்ன நடக்கும். கரடுமுரடான டயர் மாட்டிய பிறகு அதிலும் அரை குறைந்தது, இரைச்சலும் கூடியது. மணலில் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கி ஓட்டுவேன். தார்ச் சாலை வந்ததும் பழையபடி ஏற்றிவிடுவேன். ஏற்றும் பம்ப் இல்லாமல் இறக்காதீர்கள்.

பாதுகாப்பு என்று வரும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்தல் உண்டு. உயரமாக, கனமாக இருப்பதால் பத்திரம் என்று ஒரு மிதப்பு வரும். அந்த உயரமே திடீரென்று ஸ்டீயரிங்கை ஒடித்தால் கவிழ்க்கவும் செய்யும். இரண்டு டன்னுக்கு மேல் இருப்பது பிரேக் போட்டதும் உடனே நிற்காது. பானெட்டுக்கு முன்னால் ஒரு குழந்தை நின்றால் என் சீட்டிலிருந்து தெரியவே தெரியாது. குடியிருப்பில் வண்டி எடுக்கும் முன் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன். இது நல்ல பழக்கம் என்பதற்காக அல்ல. ஒருநாள் ஒரு சின்ன சைக்கிள் அங்கே கிடந்தது. சைக்கிள் மட்டும்தான் கிடந்தது. இருந்தாலும் அன்று முழுக்க எனக்குக் கை ஓடவில்லை.

போன வருடம் மைத்துனர் இதே மாதிரி ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் கோபித்துக்கொண்டார், தான் மட்டும் வைத்துக்கொண்டு அடுத்தவனைத் தடுக்கிறான் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். மாதத்தில் எனக்கே ஐந்து நாள்தான் இந்தக் கம்பிக்கு வேலை. மீதி இருபத்தைந்து நாளும் அதன் கனத்தையும் குலுக்கலையும் டீசலையும் சும்மா சுமக்கிறேன். அவருக்கு அந்த ஐந்து நாளும் கிடையாது. கடைசியில் மோனோகாக் எஸ்யூவி ஒன்று வாங்கினார். நான் போகும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவும் வந்துவிடுகிறது, சத்தமில்லாமல், என்னைவிடக் கம்மி டீசலில். அவர் நிறுத்திவிட்டு என் வண்டிக்கு மாறி ஏறிய இடம் இதுவரை இரண்டுதான். அந்த இரண்டிலும் அவர் வாயைத் திறக்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது முன்பக்கம் பள்ளத்தில் ஒரு டொக் சத்தம். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையின் ரப்பர், அதாவது லோயர் ஆர்ம் புஷ் என்கிறார் மெக்கானிக். கூட்டையும் ஏணியையும் இணைக்கும் ரப்பர்களும் இறுகிப்போயிருக்கின்றன, பத்தையும் ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்றிருக்கிறார். சாமான் வந்துவிட்டது. வியாழக்கிழமை வண்டியை விடுகிறேன். அம்மாவுக்குப் புது முக்காலி செய்யச் சொல்லியிருக்கிறேன், இந்த முறை இரும்பில்.