எடை பார்த்து வாங்கிய கிளாட் புத்தகங்கள்: 14,500 ரூபாயும் இரண்டு மாதமும் போன கதை

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். திருச்சி நவலூர் குட்டப்பட்டில் இருக்கிற தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும் என்று பத்தாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதற்குக் கிளாட் என்கிற சட்ட நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். எனக்குத் தெரிந்த வக்கீல்கள் எல்லாரும் அரசு சட்டக் கல்லூரியில் படித்தவர்கள். அங்கே பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, நுழைவுத் தேர்வு கிடையாது. கிளாட்டைப் பற்றிக் கேட்க எனக்கு ஆள் இல்லை. மாட்டியது அதனால்தான்.

போன ஜூனில் ஒரு ஆன்லைன் விளம்பரத்தைப் பார்த்து நம்பர் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் ஒரு பெண் அழைத்தார். பதினொரு புத்தகம், இருபது மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு), "லேட்டஸ்ட் பேட்டர்ன் சார், இன்னைக்கு ராத்திரி வரைக்கும்தான் இந்த விலை." அன்று இரவே ஜிபேயில் 14,500 அனுப்பினேன். பெட்டி வந்தது. தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது. இவ்வளவு கனமாக இருக்கிறதே, காசுக்குத் தகுந்த சரக்குதான் என்று எனக்குத் திருப்தி. அரிசி வாங்குகிற புத்தி.

மகள் விழுந்து விழுந்து படித்தாள். ஆகஸ்டில் முதல் மாக் எழுதி 200க்கு 138 வாங்கினாள். அன்று ராத்திரி வீட்டுக்கே கொத்து பரோட்டா வாங்கி வந்தேன்.

மறுநாள் அவள் பள்ளியில் படித்துவிட்டு இப்போது சட்டம் படிக்கிற ஒரு சீனியர் அக்காவிடம் போனில் இந்த மார்க்கைச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் கேட்டது ஒரே கேள்வி: "மார்க்கை விடு, எத்தனை பத்தி வந்துச்சு?" இவள், "பத்தியா?" என்றாள்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. 200 கேள்வி கேட்ட கிளாட் 2020 தேர்வோடு மாறிவிட்டது. அதிலிருந்து எல்லாமே பத்தி படித்துப் பதில் சொல்கிற கேள்விகள்தான். முதலில் 150, கிளாட் 2024 முதல் 120 கேள்வி, இரண்டு மணி நேரம், தப்பான பதிலுக்குக் கால் மார்க் போய்விடும். சட்டப் பகுதியில்கூட விதியைப் பத்தியிலேயே கொடுத்துவிடுவார்கள். அதை ஒரு சம்பவத்தோடு பொருத்திப் பார்க்கத் தெரிய வேண்டும், பிரிவு எண் மனப்பாடம் தேவையில்லை. எங்கள் பெட்டியில் இருந்ததோ ஒருவரிக் கேள்விகள், பக்கம் பக்கமாக.

அன்று மாலை இருவரும் புத்தகங்களைத் தரையில் பரப்பிவைத்துப் பார்த்தோம். பொது அறிவுப் புத்தகத்தில் இந்தியாவின் தற்போதைய தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய். அவர் 2019 நவம்பரிலேயே ஓய்வு பெற்றுவிட்டார். சட்டப் புத்தகத்தில் ஒரு கேள்வி, ஏமாற்றுதலுக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று. விடை 420. அந்தச் சட்டம் போய் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. "இப்ப அது 318 உட்பிரிவு 4, அப்பா" என்றாள் மகள். நாம் திட்டுகிற 420கூடப் பழசாகிவிட்டது, புத்தகம் மட்டும் மாறவில்லை.

அட்டையில் ஆண்டு போட்டிருந்த இடம் கொஞ்சம் மேடாகத் தட்டுப்பட்டது. நகத்தால் சுரண்டினாள். ஸ்டிக்கர். அடியில் வேறு ஆண்டு, 2019. பதினொன்றில் எட்டு புத்தகம் இப்படித்தான்.

அதே இரவு, தேர்வை நடத்துகிற தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கன்சார்ட்டியம் (கூட்டமைப்பு) தளத்திலிருந்து பழைய வினாத்தாள் ஒன்றை இறக்கினோம். விடையோடு சேர்த்து இலவசம். கடிகாரம் வைத்து எழுதினாள்: 120க்கு 43. எனக்குப் பணத்தைவிட இதுதான் வலித்தது. டிசம்பரில் தேர்வு, இரண்டு மாதம் வேறு ஒரு தேர்வுக்குப் படித்திருக்கிறாள்.

விற்றவர்களை அழைத்தேன். "சீல் பிரிச்சிட்டீங்களே சார்." ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டால், "கன்டென்ட் எவர்கிரீன் சார்." பிரிக்காமல் உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது என்றேன். லைன் கட். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். மூன்று வாரம் கழித்து விற்றவர்களிடமிருந்து ஒரு சமாதானம் வந்தது: பணம் தர முடியாது, அதற்குப் பதில் 3,000 ரூபாய் மதிப்புள்ள கிளாட் இன்டர்வியூ கிட் இலவசம். கிளாட்டில் இன்டர்வியூவே கிடையாது.

பெயரை இப்போது போடவில்லை, விவகாரம் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் யாராவது பெட்டியாக விற்க வந்தால், பணம் அனுப்புவதற்கு முன் சட்டப் பகுதியில் ஏதாவது நான்கு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கன்சார்ட்டியம் வினாத்தாளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எனக்கு அந்த ஐந்து நிமிடம் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மகள் இப்போது தினம் ஆங்கிலப் பேப்பரின் தலையங்கப் பக்கத்தையும் பழைய வினாத்தாள்களையும் வைத்துப் படிக்கிறாள். போன ஞாயிறு 71. நான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத் தாள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை. மனைவி அந்தப் பெட்டியைப் பழைய பேப்பருக்குப் போடப் பார்த்தாள். சுரண்டிய ஸ்டிக்கர் அதில்தான் இருக்கிறது, தொடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.