தனி ஆவர்த்தனமா, புதுக் கூட்டணியா?

குழு கலைந்த ராக் பாடகர் தனியாகப் பாடலாம், இல்லை புதுக் குழு சேர்க்கலாம். சியாட்டிலின் கிறிஸ் கார்னெல் இரண்டையும் செய்து பார்த்தவர்.

1997-ல் அவர் பாடிவந்த சவுண்ட்கார்டன் குழு உடைந்தது. 1999-ல் தனி ஆல்பம் 'யூஃபோரியா மார்னிங்' வந்தது. துயரம் தோய்ந்த, அடங்கிய பாடல்கள். காதைப் பிளக்கும் கிதாருக்குக் காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். தலைப்பில் 'காலை' (morning) அல்ல, ஒலியில் அதேபோன்ற 'துக்கம்' (mourning) என்ற சொல்தான் அவர் மனதில் இருந்தது. அது 2015 மறுபதிப்பில்தான் அச்சேறியது.

புதுக் குழு ஆடியோஸ்லேவ். 2000-ல் பாடகர் விலகிப்போன ரேஜ் அகைன்ஸ்ட் த மெஷின் குழுவின் மற்ற மூவரோடு கார்னெலைச் சேர்த்துவிட்டவர் தயாரிப்பாளர் ரிக் ரூபின். அந்த மூவரில் ஒருவரான டாம் மொரெல்லோவின் கிதாருக்கு மேலே அந்தக் குரல் ஏறும்போது கூட்டம் சேராமல் இருக்குமா? 2002-ல் வந்த முதல் ஆல்பம் அமெரிக்காவில் மட்டுமே 30 லட்சம் பிரதிகள் போனது. 2005-ல் கியூபாவின் ஹவானாவில் திறந்தவெளி இலவசக் கச்சேரியும் நடந்தது. ஆனால் நால்வர் இழுக்கும் தேர் அது. ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் நின்றுவிடும். மூன்று ஆல்பத்தோடு, 2007-ல் மனக்கசப்பில் கார்னெல் விலகினார்.

கூட்டமும் விற்பனையும் வேண்டுமென்றால் ஆடியோஸ்லேவ் வழி. நள்ளிரவில் நான் போட்டுக் கேட்பது என்னவோ அந்தத் தனி ஆல்பத்தைத்தான்.