போகும்போதெல்லாம் அதே பஃப்பா? ஆஸ்துமாக்காரர்கள் கவனிக்க

"வீசிங்கா? இதை ரெண்டு பஃப் அடிச்சுக்கோங்க" என்பார் மருத்துவர். இரண்டே நிமிடத்தில் சீட்டு கைக்கு வந்துவிடும். எத்தனை முறை போனாலும் இளைப்பைத் தணிக்கும் அதே இன்ஹேலர் மருந்து, சால்பியூட்டமால்தான். அடித்த சில நிமிடங்களில் இளைப்பு தணிவதால் நல்ல வைத்தியம் கிடைக்கிறது என்றே தோன்றும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

சால்பியூட்டமால் மூச்சுக்குழாயை இறுக்கும் தசையைத் தளர்த்தும். அதன் வேலை நாலு முதல் ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். குழாயின் உட்சுவர் வீங்கிக் கிடக்கிறதே, அந்த அழற்சியை அது தொடுவதே இல்லை. அதற்கு மூச்சோடு இழுக்கும் ஸ்டீராய்டு வேண்டும். 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா 2019-லேயே சொல்லிவிட்டது. 200 பஃப் டப்பா வருடத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ காலியானால் கடுமையான தாக்குதலுக்கு வாய்ப்பு அதிகம். மாதம் ஒன்று என்றால் உயிருக்கே ஆபத்து.

ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரில் குறைந்த அளவு என்பது நாளுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம். தாக்குதலின்போது விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசொலோன் நாளுக்கு 40 மில்லிகிராம், அதாவது குறைந்தது நூறு மடங்கு. இன்ஹேலரைத் தவிர்த்துவிட்டு அடிக்கடி மாத்திரைக்குப் போவதுதான் உடம்பைக் கெடுக்கும்.

சரியான மருத்துவர் கடந்த நாலு வாரத்தைப் பற்றிக் கேட்பார்: வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் பகலில் இளைத்ததா, நிவாரண பஃப் அத்தனை முறை தேவைப்பட்டதா, இரவில் தூக்கம் கலைந்ததா, வேலை தடைப்பட்டதா. அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். ரத்த அழுத்த மாத்திரை, கண் அழுத்தத்துக்கான சொட்டு மருந்து, வலி மாத்திரை எதையும் மறைக்க வேண்டாம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் புரோபிரனலால், கண்ணுக்கு விடும் டிமோலால் சொட்டு இரண்டுமே மூச்சுக்குழாயை இறுக்கும். சிலருக்கு ஆஸ்பிரினும் ஆகாது. ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதச் சொல்லி நுரையீரலை அளக்கும் சோதனை, பார்க்காமலே வருடக்கணக்கில் மருந்து ஓடுகிறது என்றால், ஏன் என்று கேளுங்கள்.

இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோய் அவர் முன்னால் அடித்துக் காட்டுங்கள். குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயால் கவ்வி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். பிறகு முடிந்தால் பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். அழுத்திவிட்டு அப்புறம் இழுத்தால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். இன்ஹேலரோடு மாட்டும் ஸ்பேசர் என்ற கூடு இருந்தால் இந்தச் சிக்கல் குறையும். பவுடர் வகை இன்ஹேலருக்கு நேர்மாறு: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமலே இரண்டையும் மாற்றி மாற்றி எழுதித் தருவது சர்வசாதாரணம். ஸ்டீராய்டு அடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். மருந்து தீர்ந்த டப்பாவும் 'உஸ்' என்று அடிக்கும். வெறும் வாயுதான் அது. எண்காட்டி இல்லாவிட்டால் பஃப்பைக் குறித்து வையுங்கள். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது வீண்.

அசல் மோசடி, பெயரில்லாத பொட்டலப் பவுடர். 'மூலிகை மட்டும்தான்' என்று விற்கும் சிலவற்றில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலந்திருப்பார்கள். இரண்டு நாளில் அதிசயமாய்க் குணம், கூடவே அகோரப் பசி, உப்பும் முகம், ஏறும் சர்க்கரை, நிறுத்தியதும் முன்னைவிட மோசமான இளைப்பு என்றால் சந்தேகப்படுங்கள். பல வாரம் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தக் கூடாது. உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி படுத்திருக்கும். பொட்டலத்தோடு உடனே மருத்துவரிடம் போங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார்.