டிராக்டர் டிரெய்லரா, பிக்கப்பா: கிராமத்தில் எது கட்டுப்படியாகும்?

வண்டி வாங்கப் போகிறவர் முதலில் விசாரிப்பது மைலேஜை. விசாரிக்க வேண்டியது, வருஷத்தில் எத்தனை நாள் ஓடும் என்பதை. வண்டி நின்றாலும் தவணையும் இன்சூரன்சும் நிற்காது. 240 நாள் ஓடினால் ஒரு நாளுக்கு விழும் நிலைச்செலவு, 120 நாள் மட்டும் ஓடினால் இரட்டிப்பாகும். இதில் டிராக்டருக்கே முதல் மார்க்: லோடு இல்லாத நாளில் உழவு, பி.டி.ஓ.வில் (என்ஜின் சுழற்சியை வேறு கருவிக்குக் கொடுக்கும் தண்டு) கதிரடிப்பு என்று ஏதாவது சம்பாதித்துவிடும். பிக்கப்புக்கு லோடு இல்லையென்றால் மர நிழல்தான்.

அடுத்தது தூரம். டிராக்டர் சராசரியாக மணிக்கு 20 கி.மீ., பிக்கப் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு கிலோமீட்டரில் கொள்முதல் இடம் என்றால் போய்வர டிராக்டருக்கு 48 நிமிடம், பிக்கப்புக்கு 24. ஏற்றி இறக்கவே ஒன்றரை மணி நேரம் போகும்போது இந்த வித்தியாசம் பெரிதில்லை. அதிக எடை ஏற்றும் டிரெய்லர் ஜெயித்துவிடும். 40 கிலோமீட்டர் என்றால் போய்வர நான்கு மணி நேரமும் இரண்டு மணி நேரமும். தானியத்துக்கு அப்போதும் டிரெய்லர் தாங்கும். விடிவதற்குள் சந்தை சேர வேண்டிய தக்காளிக்கும் கீரைக்கும் தாங்காது.

ரோட்டில் டிரெய்லர் இழுப்பவர்கள் சறுக்கும் இடங்கள் உண்டு. வயலில் சட்டென்று திரும்ப வசதியாக டிராக்டரில் இடது, வலது பிரேக் மிதிகள் தனித்தனி. ரோடு ஏறுமுன் இரண்டையும் கொக்கி போட்டு இணைக்காவிட்டால், வேகத்தில் ஒன்றை மட்டும் மிதிக்க வண்டி ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு போகும். டிரெய்லரை அதற்கென்று கீழே இருக்கும் ஹிட்ச்சில்தான் மாட்ட வேண்டும்; மேலே டாப் லிங்க் (உழவுக் கருவியைப் பிடிக்கும் மேல் கம்பி) பக்கம் கட்டினால் மேட்டில் முன்சக்கரம் தூக்கிப் பின்னால் கவிழும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் இறக்கத்தில் லோடே டிராக்டரைத் தள்ளும். மேலேயே சின்ன கியருக்கு வந்துவிட வேண்டும், பாதி இறக்கத்தில் கிளட்ச்சை மிதிக்கவே கூடாது.

பிக்கப்பின் வியாதி வேறு. ஓவர்லோடு, பள்ளம், இறுக்காத யூ போல்ட் (ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் போல்ட்) மூன்றும் சேர்ந்தால், லீஃப் ஸ்பிரிங்கின் தகடுகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் அறுந்து அச்சு ஒரு பக்கம் நகரும். அப்புறம் வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும், டயர் தேய்ந்துகொண்டே போகும். டீசல் புகை வடிகட்டி உள்ள புது வண்டிக்குக் குட்டி நடைகளே பகை. எக்ஸாஸ்ட் போதிய சூடு ஏறுமுன் நிறுத்திவிடுவதால் கரி எரியாமல் அடைக்கும். கரியை எரிக்கத் தெளித்த டீசல் என்ஜின் ஆயிலில் கலந்து, டிப்ஸ்டிக்கில் அளவு ஏறும். ஆயில் குறையவில்லையே என்று சந்தோஷப்படுவது தப்பு.

பழுதுக்குப் போகும் காசு எங்கே சேர்கிறது என்பதையும் பாருங்கள். வாகனத் தொழிற்சாலையின் சம்பளம் அது இருக்கும் ஊரில்தான் சுழலும். கிராமத்துக்கு வருவது பஞ்சர் கடை, வெல்டிங் பட்டறை, மெக்கானிக், டிரைவர், லோடுமேன் கூலி வழியாக. டிரெய்லர் அடிச்சட்டம் விரிசல் விட்டால் உள்ளூர் வெல்டரே பற்றவைப்பார். பழைய மெக்கானிக்கல் பம்ப் என்ஜினின் டீசல் குழாயில் காற்று புகுந்தால் ஸ்பானரும் கை பம்பும் போதும். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீச்சும் காமன் ரெயில் என்ஜினில் தண்ணீர் கலந்த டீசல் இன்ஜெக்டரைக் கெடுத்தால் ஸ்கேனர் உள்ள டவுன் பட்டறைதான். இழுத்துப்போகும் கூலி தனி. டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரைத் தவறாமல் வடித்துவிடுவது அதைவிட மலிவு.

மூன்று சக்கர லோடு வண்டி தார் ரோட்டுக்கு நல்லது. வண்டித்தடத்தில் இரண்டு பின்சக்கரமும் பள்ளத்தில் இறங்க, ஒற்றை முன்சக்கரம் நடுமேட்டில் ஏறித் தத்தளிக்கும்.

தவணையில் வாங்கினால், அறுவடைக்கு ஒத்த தவணை கிடைக்குமா என்று கேளுங்கள். மாதத் தவணை, தினமும் நடை உள்ள பிக்கப்காரருக்குத்தான் சரிவரும்.

பழைய பிக்கப் பார்க்கப் போனால், பெயிண்டைப் பார்க்குமுன் சமதளத்தில் நிறுத்தி முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள். இரண்டு அளவும் சமமாக இல்லையென்றால் அச்சு நகர்ந்திருக்கிறது, இல்லை சேஸிஸ் அடிபட்டிருக்கிறது.